அஞ்சு பெடலும் ஒரு தகரக் கூரையும்: ஓர் எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் கிட்டாரின் நிகழ்வு ஆய்வு

புகார்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே மாரியம்மன் கோயில் திருவிழா. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதி பூட்டிக் கிடக்கிறது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட காலத்திலேயே இளசுகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் கிளம்பிவிட்டார்கள். திருவிழா என்றால் மட்டும் அத்தனை பேரும் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் இரவு தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், பாட்டு. ஒலிபெருக்கி வேலை என்னுடையது. பட்டணத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர், மிக்ஸர் வாடகைக்கு விடுவேன். மற்ற நாளில் கிட்டாருக்குக் கம்பி மாற்றுவது, ஜாக் ஒட்டுவது, சேடில் (கம்பிகள் ஏறி நிற்கும் சின்னப் பட்டை) தேய்ப்பது.

கச்சேரியில் பெரிய கூட்டம் எதுவும் இல்லை. ஒரு கிட்டார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி), ஒரு தபேலா, இரண்டு குரல். கிட்டார் வாசித்தவருக்கு முப்பது வயதிருக்கும், செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். கையில் ஒரு டிரெட்நாட் எலெக்ட்ரோ அக்கூஸ்டிக், அதாவது ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் உள்ளே வைத்த பெரிய பெட்டிக் கிட்டார். காலடியில் புதிதாகச் சேர்த்த ஐந்து பெடல் (காலால் மிதித்தால் கிட்டார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகள்), ஒரு பலகையில் வெல்க்ரோ போட்டு ஒட்டியிருந்தார்: ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ், ஒரு கிட்டாரைப் பலபோல் காட்டும் கோரஸ், எதிரொலி விடும் டிஜிட்டல் டிலே, பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல் காட்டும் ரிவெர்ப். அத்தனையும் இரண்டாம் கை. ஒரே ஒரு அடாப்டர், அதிலிருந்து மாலை கட்டியதுபோல் ஐந்து பெடலுக்கும் ஒயர்.

முதல் பாட்டிலேயே தொடங்கியது. டிலேயை மிதித்ததும் கொசு காதருகே பறப்பதுபோல் ஒரு 'ஙீ...'. அதற்கு அடியில் நிற்காத முழக்கம். ஓங்கித் தட்டினால் கிட்டார் ஒலியே இல்லை, ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி 'க்வாக், க்வாக்'. பாட்டு நின்று கைதட்டல் வரவேண்டிய இடத்தில், கம்பியைத் தொடாமலே கிட்டார் 'ஊம்ம்ம்' என்று கிளம்பி டேவான் முழுக்க நிறைந்தது. நான் மிக்ஸரின் ஃபேடரை இறக்கிச் சத்தத்தைக் குறைத்தேன். மூன்றாம் பாட்டில் அவர் ஓவர்டிரைவை மிதித்தபோது முன்வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்த்து, “என்னாப்பா, கொசுவுக்குப் பொகை அடிக்கிறவன் வந்துட்டானா?” என்றார். டெங்கி காலத்தில் தோள்மேல் மெஷினைப் போட்டுக்கொண்டு வருவார்களே, அசலாக அந்தச் சத்தம்தான்.

நான்காம் பாட்டிலிருந்து பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகி ஒப்பேற்றினோம். முழக்கம் போனது, கொசு போனது. எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பெடல் ஆகாது. அன்றிரவு நானும் அதைத்தான் சொன்னேன். “வித்துடு தம்பி, இது எலெக்ட்ரிக் ஆளுங்க சாமான்.” அந்தத் தீர்ப்பு தப்பு. எப்படித் தப்பு என்று தெரிய எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

கடையில், பெடல் இல்லாமல்

அடுத்த வாரம் பசியாறிவிட்டுத் தம்பி கிட்டாரோடும் பலகையோடும் கடைக்கு வந்தார். பலகையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கிட்டாரை மட்டும் ஒரு நல்ல கேபிளில் சின்ன ஆம்ப்பில் செருகினேன். மெதுவாக வாசித்தால் பரவாயில்லை. ஓங்கித் தட்டினால் அதே 'க்வாக்'. பெடல் ஒன்றுகூட நடுவில் இல்லை. அப்போதுதான் என் தீர்ப்பில் முதல் ஓட்டை விழுந்தது. இன்னொன்றும் கேட்டது: இரண்டாவது கம்பி, அதாவது பி, மற்ற ஐந்தையும்விடப் பாதிச் சத்தத்தில் இருந்தது.

முதலில் பேட்டரி. பக்கவாட்டில் இருந்த பெட்டியைத் திறந்து 9 வோல்ட் பேட்டரியை எடுத்து மீட்டர் வைத்தேன். 6.8 வோல்ட்.

“இந்த ஒயரைக் கடைசியா எப்பப் புடுங்குன?”

“ஏன் புடுங்கணும்ணே? மறுநாளும் வாசிக்கணும்ல.”

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கிட்டார்களில் ஆன், ஆஃப் சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. பிளக்தான் சுவிட்ச். கிட்டாரின் வாலில் இருப்பது ஸ்டீரியோ ஜாக். நாம் செருகுவது மோனோ பிளக். உள்ளே போனதும் பிளக்கின் நீண்ட உலோக உடம்பு ஜாக்கின் இரண்டு தகடுகளை ஒன்றாக இணைத்துவிடும். பேட்டரியின் மைனஸ் அந்த வழியாகத்தான் பிரீஆம்ப்பை, அதாவது கிட்டாருக்குள் இருந்து ஒலியைத் தூக்கிவிடும் சுற்றை, சேர்கிறது. பிளக் உள்ளே இருக்கும்வரை, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரண ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லிஆம்பியர் மணி இருக்கும். பிரீஆம்ப் 3 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 160 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கணக்கு அவ்வளவுதான். தப்பித்தவறி ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் இதற்கு நேர்மாறு: பிரீஆம்ப் உயிரே பெறாது, பேட்டரி புதிதாக இருந்தும் கிட்டார் செத்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு கிட்டாரைப் பழுது என்று ஈப்போவிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தவர் உண்டு.

பேட்டரி இறங்கியதும் கிட்டார் ஒரேயடியாக நின்றுவிடாது. மெல்லிய வாசிப்பு நன்றாகவே வரும். ஓங்கித் தட்டும்போதுதான் பிரீஆம்ப்புக்குத் தலை இடிக்கும், ஒலியின் உச்சி வெட்டுப்படும். அதனால்தான் வீட்டில் தெரியாதது மேடையில் தெரிகிறது. புதுப் பேட்டரி போட்டதும் 'க்வாக்' முக்கால்வாசி குறைந்தது. மீதி கால்வாசி அந்தப் பிக்கப்பின் பிறவிக் குணம். சேடிலுக்கு அடியில் படுத்திருக்கும் பியஸோ பட்டை அழுத்தத்தைத்தான் மின்சாரமாக்குகிறது. க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்த அதே சங்கதி. கம்பி சேடிலை அழுத்தும் அந்த முதல் வெட்டு அதற்கு அப்பட்டமாகக் கேட்கும். பெட்டிக்குள் காற்று அசைந்து, மேல் பலகை அதிர்ந்து, நம் காதுக்கு வந்து சேரும் அந்த வட்டமான ஒலி அதற்குத் தெரியாது.

பி கம்பிக்கு வேறு காரணம். கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை உருவினேன். அடியில் நான்காக மடித்த ரசீதுத் துண்டு. கம்பி உயரம் போதவில்லை என்று யாரோ வைத்த முட்டு. சேடிலின் அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்திப் பார்த்தால் நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறது. கையில் பிடித்துத் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். பியஸோவுக்கு எங்கே அழுத்தம் சரியாக விழவில்லையோ அந்தக் கம்பி காணாமல் போகும். கண்ணாடியின்மேல் 400ஆம் நம்பர் மணல்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, அடியில் பென்சிலால் கோடு போட்டு, கோடு முழுக்க ஒரே சமயத்தில் அழியும்வரை தேய்த்தேன். ரசீதைக் குப்பையில் போட்டேன். திரும்பக் கட்டியதும் பி வந்துவிட்டது. தம்பி அதே கம்பியை ஐந்து நிமிடம் மீட்டிக்கொண்டே இருந்தார்.

கடைச் சுவரில் இருக்கும் ஈரப்பத மீட்டர் அன்று 82 காட்டியது. கிட்டார் தயாரிப்பாளர்கள் 45இலிருந்து 55 சதவிகிதம் என்பார்கள். நம் ஊரில் அது குளிர்சாதன அறையில்தான் கிடைக்கும். மேல் பலகை ஊதும், கம்பி உயரும், யாராவது சேடிலைத் தேய்ப்பார்கள், பிறகு பலகை இறங்கும், யாராவது ரசீதை மடித்து வைப்பார்கள். இந்த ரசீதின் பூர்வீகம் அதுவாகத்தான் இருக்கும்.

கொசுவும் முழக்கமும்

அதற்குப் பிறகுதான் பலகை மேசைக்கு வந்தது. கொசுவைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. ஐந்து பெடலும் மாலை ஒயரில் இருக்கும்போது 'ஙீ' கேட்கிறது. டிலேயின் ஒயரை மட்டும் உருவி, வேறொரு 9 வோல்ட் அடாப்டரில் போட்டேன். சத்தம் அறுந்தது. திரும்ப மாலையில் செருகினால் கொசு திரும்புகிறது. டிஜிட்டல் பெடலுக்குள் ஒரு சின்னக் கணினி ஓடுகிறது. அதன் கடிகாரத் துடிப்பு மின்ஒயர் வழியாகவும் தரை ஒயர் வழியாகவும் பக்கத்துப் பெடல்களுக்குக் கசிகிறது. அப்படிக் கசிந்ததை அனலாக் கம்ப்ரஸரும் ஓவர்டிரைவும் பொறுக்கியெடுத்துப் பெரிதாக்குகின்றன. தம்பியின் அடாப்டரில் ஆம்பியர் குறைவில்லை, ஒரு பெரிய பெடலுக்கும் இடம் இருந்தது. பிரச்சினை அளவில் இல்லை, பங்கு போட்டதில். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கினால் தீரும். காசு பார்த்தால், டிஜிட்டல் பெடல் இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர், அனலாக் மூன்றுக்கும் மாலை. தம்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அடாப்டர் வாங்குவோர் வோல்ட்டை மட்டும் பார்க்கக் கூடாது. பெரும்பாலான பெடலுக்கு நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை பிளஸ்.

முழக்கத்தைக் கடையில் வரவழைக்கவே முடியவில்லை. அரை மணி நேரம் தேடினேன். கேபிளை மாற்றினேன், பெடல்களின் வரிசையை மாற்றினேன், அமைதி. பிறகு, “அன்னைக்கி மேடையில எப்படிச் சொருகியிருந்த, அப்படியே சொருகு” என்றேன். ரிவெர்ப்பின் இரண்டு வாயில் ஒன்று மிக்ஸருக்குப் போனது எனக்குத் தெரியும். இன்னொன்றைத் தனக்குக் கேட்பதற்காகப் பின்னால் வைத்திருந்த சின்ன ஆம்ப்பில் செருகியிருந்தாராம். அது எனக்குத் தெரியாது. மிக்ஸரின் மூன்று முள் பிளக் டேவானின் பின்சுவரில். ஆம்ப்பின் மூன்று முள் பிளக் மேடைப் பக்கத்துச் சுவரில். இரண்டுக்கும் எர்த் உண்டு. ரிவெர்ப்பின் தரை ஒயர் அந்த இரண்டு எர்த்தையும் ஒரு பெரிய வளையமாகக் கட்டிவிட்டது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த வளையத்தில் அது சுற்றிச் சுற்றி முழங்கும். இந்த முழக்கத்துக்குச் சுருதிகூட உண்டு. 50 ஹெர்ட்ஸ் என்பது அடி ஜி சுரத்தைவிட ஒரு மயிரிழை கூடுதல். ஜி கார்டில் பாடினால் யாரோ சுருதி பிசகித் தம்பூரா போடுகிற மாதிரி இருக்கும்.

இதற்கு ஊரில் ஒரு வைத்தியம் நடக்கிறது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுவது, அல்லது இரண்டு முள் பிளக்கை வைத்துக்கொண்டு எர்த் ஓட்டைக்குள் பேனா முனையைக் குத்தி மூடியைத் திறந்து செருகுவது. முழக்கம் நின்றுவிடும். கூடவே, எதிலாவது கசிவு ஏற்பட்டால் 240 வோல்ட் போக வழி தேடும். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்கிறவர்தான் வழி. அந்தப் பேனாவை நான் மேடையில் பார்த்தால் பிடுங்கி எறிவேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

சரியான வைத்தியம் டிஐ பெட்டி, கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. ரிவெர்ப்பிலிருந்து வரும் கேபிள் டிஐக்குள் போகிறது, அங்கிருந்து மைக் ஒயர் மாதிரி மூன்று முனை ஒயரில் மிக்ஸருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐயில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும்; அதை அமுக்கினால் ஒலி போகும், தரை வளையம் அறும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். இன்னொரு லாபம்: அன்றைக்குப் பத்து மீட்டர் சாதாரண கிட்டார் கேபிளை மேடையிலிருந்து மிக்ஸர்வரை இழுத்திருந்தோம். அது ஏரியல் கம்பிக்குச் சமம், வழியில் இருக்கும் இரைச்சலையெல்லாம் இழுக்கும்; மூன்று முனை ஒயரில் அந்தத் தொல்லை குறைவு.

ஒரு கிளைக்கதை: பேட்டரி இல்லாத கிட்டார்

அன்று மதியம் தம்பியின் மாமா ஒருவர் தன் பழைய கிட்டாரையும் கொண்டுவந்தார். சேடிலுக்கு அடியில் பியஸோ, ஆனால் பிரீஆம்ப் கிடையாது, பேட்டரி கிடையாது. “என்னோடது சும்மா தகரம் மாதிரி இருக்கு, உங்க ஆளு கிட்டாரு நல்லாத்தான இருக்கு?” என்றார்.

இது பெடல் விஷயத்தில் முக்கியம் என்பதால் கணக்கைப் போடுகிறேன். பியஸோ ஒரு சின்ன மின்தேக்கி மாதிரி. ஒரு நானோஃபாரட் என்று வையுங்கள். அதை உள்வாயில் 1 மெகாஓம் மின்தடை உள்ள பெடலில் செருகினால், சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். கிட்டாரின் கீழ்க்கம்பிகள் மூன்றும், ஈ 82, ஏ 110, டி 147, அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. அதையே மிக்ஸரின் 10 கிலோஓம் லைன் வாயில் நேராகச் செருகினால் கோடு 16,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மிஞ்சுவது மாமா சொன்ன தகரம்தான். 10 மெகாஓம் வாய் உள்ள பிரீஆம்ப் முதலில் இருந்தால் கோடு 16 ஹெர்ட்ஸ், முழுக் கிட்டாரும் உள்ளே வரும். ஆகவே, பேட்டரி இல்லாத பியஸோ கிட்டாருக்கு வரிசையில் முதல் ஆள் 10 மெகாஓம் பிரீஆம்ப், மற்றப் பெடல் எல்லாம் அதற்குப் பின்னால். தம்பியின் கிட்டாரில் பிரீஆம்ப் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பெடலிலும் நேராகச் செருகலாம்.

மாமா இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தார்: 'அக்கூஸ்டிக் சிமுலேட்டர்' பெடல். அது எலெக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் மாதிரி காட்டுவதற்கு. அக்கூஸ்டிக் கிட்டாரில் போட்டால் ஏற்கனவே கூர்மையாக இருப்பது இன்னும் கூர்மையாகும். பெயரைப் பார்த்து வாங்கியது. சிரிக்க மனம் வரவில்லை, 2011இல் நானும் வாங்கினேன்.

ஒவ்வொரு பெடலாக

கோரஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாஸ் நிறுவனம் 1976இல் முதல் கோரஸ் பெடலைக் கொண்டுவந்ததிலிருந்து அக்கூஸ்டிக் ஆட்கள் அதை விட்டதில்லை. பியஸோவின் கூர்மைக்கு அது நன்றாகவே ஒத்துப்போகும். ஆழத்தைக் குறைத்து வைத்தால் போதும்.

கம்ப்ரஸர்தான் 'ஊம்ம்ம்'முக்குப் பாதிக் காரணம். தம்பி சஸ்டெயின் குமிழைக் கடிகார முள்போல் மூன்று மணிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கம்ப்ரஸர் ஓங்கிய ஒலியை அமுக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கும். வாசிக்கும்போது தெரியாது. வாசிப்பு நின்றதும், அமுக்க ஒன்றும் இல்லாததால், தூக்கல் மட்டும் மிஞ்சும். 12 டெசிபல் தூக்கினால் மின்அழுத்தம் நான்கு மடங்கு. கைதட்டலுக்கு முந்திய அந்த அமைதியில்தான் கிட்டாருக்குக் காது நான்கு மடங்கு கூர்மையாகிறது, ஸ்பீக்கர் சொல்வதெல்லாம் அதற்குக் கேட்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் திடமான மரக்கட்டை, அவ்வளவு சுலபமாகத் திருப்பிப் பாடாது. இது வெற்றுப் பெட்டி, பாடுவதற்கே செய்தது.

ஓவர்டிரைவ் விஷயத்தில் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. “நிர்வானா ஆளு அக்கூஸ்டிக்லயே அடிச்சாரேண்ணே, எம்டிவில?” என்றார். நியாயமான கேள்வி. 1993 நவம்பரில் கர்ட் கோபேன் அங்கே வாசித்தது மார்ட்டின் நிறுவனத்தின் 1959ஆம் ஆண்டு டி-18இ. அந்த மாடலைத் தொழிற்சாலையிலேயே இரண்டு காந்த பிக்கப் போட்டுச் செய்தார்கள். 2020இல் 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது அதே கிட்டார். காந்த பிக்கப் கம்பியை மட்டும்தான் கேட்கும். அவர் அதை பெடல் வழியாகக் கிட்டார் ஆம்ப்புக்குப் போட்டார். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. பியஸோவோ மேலே வரைக்கும் எல்லாவற்றையும் கொடுக்கிறது, என் ஸ்பீக்கரும் மேலே வரைக்கும் எல்லாவற்றையும் விடுகிறது. ஓவர்டிரைவ் அந்த உச்ச ஒலிகளை நொறுக்கித் தூள் செய்கிறது. தாத்தா கேட்ட புகைமெஷின் அந்தத் தூள்தான். கெயினைக் கால்வாசிக்கு இறக்கி, டோனை முழுக்க அடைத்து, மிக்ஸரில் 5,000க்கு மேல் வெட்டிப் பார்த்தோம். மூச்சுப் பிடித்தவன் பாடுகிற மாதிரி இருந்தது. தம்பியே கழற்றி ஓரமாக வைத்தார்.

டிலேயில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அக்கூஸ்டிக் கிட்டாரை எக்கோவில் போடுவது புதிதல்ல. பிரிட்டிஷ் பாடகர் ஜான் மார்ட்டின் 1970களிலேயே எக்கோபிளெக்ஸ் டேப் மெஷினை வைத்துக்கொண்டு தனி ஆளாக நான்கு பேர் வாசிப்பதுபோல் வாசித்தவர். ஆனால் தம்பியின் டிலே ஏன் எப்போதும் தாளத்தைக் குழப்பியது என்று எனக்குப் புரியவில்லை. கெட்டுப்போன பெடல் என்றே நினைத்தேன். தபேலா வாசிப்பவர் அன்று மதியம் கடைக்கு வந்து, சும்மா உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவர், “இது திஸ்ரம்ணே, அவன் சதுஸ்ரத்துல எதிரொலி விடுறான்” என்றார்.

போட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடி 600 மில்லிவினாடி. தம்பி இணையத்தில் பார்த்தபடி அதைப் பாதியாக்கி 300 வைத்திருந்தார். மேல்நாட்டு நான்கடிப் பாட்டுக்கு அது சரி. திருவிழாவில் வாசித்ததில் பாதி தெம்மாங்கு நடை, உருமி மேளத்தின் காலடி. ஓர் அடிக்குள் மூன்று. 600ஐ மூன்றாகப் பிரித்தால் 200, 400. எதிரொலி 300இல் விழுந்தால் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நட்டநடுவில் விழும். யாரோ ஒருவர் எப்போதும் தப்பாகக் கைதட்டிக்கொண்டே இருப்பதுபோல. 400க்கு மாற்றியதும் கிட்டார் உருமியோடு சேர்ந்து துள்ளியது. பெடல் வந்த பெட்டியில் இதை எவனும் எழுதியிருக்க மாட்டான்.

ரிவெர்ப்பைப் பற்றி முடிவு எடுக்க டேவானுக்கே போனோம்.

டேவானில்

சாவியைக் கோயில் செயலாளரிடம் வாங்கித் திறந்தோம். சிமெண்டுத் தரை, பூப்பந்துக் கோடுகள், மேலே தகரம், பக்கவாட்டில் கம்பி வலை. நடுவில் நின்று ஒரு கை தட்டினேன். ஒலி தகரத்துக்கும் தரைக்கும் இடையே ஓடி அடங்க இரண்டு வினாடிக்கு மேல். பெடலிலிருந்து இன்னும் எதற்கு? ரிவெர்ப் வீட்டுக்கு, சின்ன அறைக்கு, பதிவுக்கு. இங்கே தகரமே ரிவெர்ப், அதுவும் அணைக்க முடியாத ரிவெர்ப்.

மீதி 'ஊம்ம்ம்'மை அங்கேதான் பிடித்தோம். ஃபோனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி. ஃபேடரை மெதுவாக ஏற்றி, கிட்டார் கிளம்பும்வரை காத்திருந்தோம். 104 ஹெர்ட்ஸில் ஒரு முள். கிட்டாரின் ஒலித்துளைக்குமுன் வாயை வைத்து அதே சுரத்தில் முனகினால் பெட்டி கையில் நடுங்குகிறது. பாட்டில் வாயில் ஊதுவது மாதிரிதான், டிரெட்நாட் பெட்டிக் காற்றின் சொந்தச் சுரம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்ததும் அந்த முள் சரிந்தது. கிட்டாரிலேயே இருந்த, ஒரு சுரத்தை மட்டும் குறைக்கும் நாட்ச் குமிழை மெல்லத் திருப்பி 104இல் நிறுத்தியதும் இன்னும் சரிந்தது.

அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானும் இருந்தது, தம்பி அதைத் தொட்டதே இல்லை. 104 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். அந்தப் பொத்தானை அமுக்குவதும், கிட்டார்காரர் ஸ்பீக்கரிலிருந்து அரை அலை, சுமார் 1.7 மீட்டர், தள்ளி நிற்பதும் அந்தச் சுரத்துக்கு ஒன்றுதான். அவர் நின்ற இடத்தில் அமுக்கினால் நல்லது. இரண்டு எட்டு முன்னால் வந்து பாடினால் அதே பொத்தான் கெடுதல். ஆகவே தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு, “இங்கதான் நிக்கணும்” என்றேன். ஸ்பீக்கரையும் அவருக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் ஒரு கை தூரம் தள்ளினேன். திருவிழா இரவில் ஸ்பீக்கர் அவர் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்தான்.

பிறகு

மூன்று மாதம் கழித்து அதே டேவானில் ஓர் அறுபதாம் கல்யாணம். பலகையில் இப்போது மூன்று பெடல்: டியூனர், கோரஸ், டிலே. கடைசியில் டிஐ. கம்ப்ரஸர் வீட்டில் இருக்கிறது, பதிவுக்குப் பயன்படுத்துகிறாராம். ஓவர்டிரைவை ஆலையில் கூட வேலை பார்க்கும் எலெக்ட்ரிக் கிட்டார்காரருக்கு விற்றுவிட்டார். பியஸோவின் பிறவிக் குணத்துக்குப் பெட்டி ஒலியை மைக்கில் பதிந்து கலக்கும் பெடல்கள் இருக்கின்றன, ஃபிஷ்மனின் ஆரா, எல்ஆர் பேக்ஸின் வாய்ஸ்பிரிண்ட் என்று. ஆசையாகப் பார்த்துவைத்திருக்கிறார். போனஸ் வரட்டும் என்றார்.

முதல் பாட்டில் முழக்கம் வந்தது. என் உயிரே போயிற்று. டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்க மறந்தது நான். குனிந்து அமுக்கினேன், நின்றது. அதற்குப் பிறகு தெம்மாங்கு ஒன்று, டிலே 400இல். முன்வரிசை கைதட்டல் எதிரொலியோடு சரியாகச் சேர்ந்தது. அவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

தீராதது ஒன்று உண்டு. பாடிய அக்கா, “எனக்குக் கிட்டாரு கேக்கலப்பா, ஏத்து” என்று மேடை மானிட்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் ரப்பர் மூடி, நாட்ச் எதுவும் நிற்கவில்லை, இந்த முறை 200 ஹெர்ட்ஸ் பக்கம், மேல் பலகையின் சுரத்தில் கிளம்பியது. அக்காவுக்குப் பாதி, அமைதிக்குப் பாதி என்று பஞ்சாயத்துப் பண்ணி ஓட்டினோம். காதில் மாட்டும் மானிட்டர் வந்தால் தீரும் என்று நினைக்கிறேன். அக்கா காதில் எதையும் மாட்ட மாட்டேன் என்கிறார், தோடு பெரியது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது தம்பியின் கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. பின்பக்கம் மாஸ்கிங் டேப்பில் பேட்டரி மாற்றிய தேதி, அவர் கையெழுத்தில். வாலில் ஒயர் செருகியபடியே இருந்தது.